சிமிழ் விளைந்த கழி

ஆறு வந்து கடல் வராமல் போன வருஷத்தில், நெடுங்கழிக்குப்பத்துக்குக் கிழக்கே முகத்துவாரத்தை மணல் அடைத்துக்கொண்டுவிட, ஐப்பசியிலும் கார்த்திகையிலும் பெய்த மழையெல்லாம் ஏரிகளை நிரப்பி, வயல்களைக் கழுவி, ஆற்றில் இறங்கி, அதற்கு மேல் போக வழியில்லாமல் கழியிலேயே தங்கிவிட்டதில், தண்ணீர் முதலில் உப்புக் குறைந்து, பிறகு சப்பென்று ஆகி, மார்கழி பிறந்தபோது பால் விடாத டீயின் நிறத்துக்கு வந்து நின்றது. அந்தத் தண்ணீரில்தான் தேசம்மாவின் கையில் முதல் சிமிழ் தட்டுப்பட்டது.

தேசம்மா இறால் தடவுகிறவள். பனையோலைப் பறியின் விளிம்பைப் பல்லால் கடித்து மோவாய்க்குக் கீழே தொங்கவிட்டுக்கொண்டு, கழுத்தளவுத் தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்து, இரண்டு கைகளாலும் சேற்றைத் தடவி, விரலுக்கு அகப்படும் இறாலைப் பறியில் போடுவது அவள் தொழில். அந்த ஊரில் நாற்பத்துமூன்று பெண்களுக்கு அதுதான் தொழில். வலை ஆண்களுடையது. வலைக்குப் பாடு உண்டு. பாடு என்றால் முறை. கழியின் எந்த இடத்தில் எந்த நாளில் யார் வலை போடுவது என்பதை வருஷத்துக்கு ஒரு தடவை அம்மன் கோயில் வாசலில் சீட்டுக் குலுக்கி, ஊர்த் தலைவர் வஜ்ஜிரவேலு நாட்டார் நீள நோட்டில் எழுதிவைப்பார். அந்த நோட்டில் மீனின் பெயர் இருக்காது, ஏனென்றால் மீன் நீந்திப் போய்விடும். இடமும் நாளும் ஆளும்தான் இருக்கும். கையால் தடவுகிறவர்களுக்கு அதில் இடமில்லை. வலைக்காரர்கள் விட்டுவைத்த மூலையில் அவர்கள் தடவலாம். வலை வந்தால் எழுந்துவிட வேண்டும். "ஏ, எழுந்திரு, வலை வருது" என்று படகிலிருந்து குரல் வந்தால், எழுந்து, ஈரப்புடவை கால்களில் சுற்ற, சேற்றில் நடந்து வேறு மூலைக்குப் போய் மறுபடி முட்டிபோட வேண்டும். ஒரு நாளைக்கு நான்கு தடவை, ஐந்து தடவை. பத்தொன்பது வருஷமாக எழுந்து எழுந்து தேசம்மாவுக்கு ஒரே ஒரு ஆசைதான் மிச்சமிருந்தது: கழியில் ஒரு இடம், வருஷத்தில் ஒரு நாள், விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை யாரும் தன்னை எழுந்திரு என்று சொல்லக் கூடாது.

இதை அவள் புருஷன் சம்பந்தத்திடம் சொல்லியிருக்கிறாள்.

"நோட்டுல பேர் வேணுமா? அதான் என் பேர் கீதே" என்றான் சம்பந்தம்.

"அது உன் பேரு."

"நான் யாரு? உன் புருஷன்தானே?"

"நீ என் புருஷன்தான்யா. ஆனா வலை போடறப்ப நீயுந்தான எழுந்திருன்னு கத்தற."

சம்பந்தம், தூரத்திலிருந்து பார்த்தால் எல்லாத் தலையும் ஒரே மாதிரி இருக்கிறது என்றான்.

அதனால்தான் அவள் அன்றைக்குச் செவிட்டு மேட்டுக்குப் போனாள். கழியின் தென்கோடியில், எந்தப் பக்கம் நின்று கூப்பிட்டாலும் குரல் எட்டாத, முழங்காலுக்கு மேல் தண்ணீர் ஏறாத மேடு அது. அங்கே இறாலும் அதிகம் ஏறாது. வலை இழுக்க லாயக்கில்லை என்று அதை எந்த வருஷமும் சீட்டில் சேர்த்ததில்லை. சேற்றின் மேல் பொன்னிறத்தில் ஆடை படிந்திருந்தது. அதைத் துழாவிய தேசம்மாவின் கையில் வழவழப்பாக ஏதோ பட்டது. உடைந்த டியூப்லைட் என்று நினைத்துப் பதறாமல் எடுத்தாள். வட்டமான கண்ணாடிப் பெட்டி. சோப்பு டப்பா அளவு இருந்தது. கீழே கிண்ணம், அதைக் கவிந்து மூடிய மூடி. மூடி முழுக்க நடுவிலிருந்து விளிம்புவரை வரிசை வரிசையாக ஊசித்துளைகள், புள்ளிக்கோலம் வைத்ததுபோல். உள்ளே தேன் நிறத்தில் கூழ், வெயில் பட்டதும் மெல்லப் புரண்டு படுத்தது. வாயில் பறி இருந்ததால் தேசம்மாவால் கூவ முடியவில்லை. பறியை எடுத்துவிட்டுக் கூவலாம்தான், ஆனால் வெயில் ஏறுவதற்குள் இறால் தடவ வேண்டியிருந்தது. ஆகவே அதைப் பறியில் போட்டுக்கொண்டு தடவினாள். மத்தியானத்துக்குள் இரண்டு கை இறாலும் ஏழு சிமிழ்களும் சேர்ந்தன.

அவற்றில் ஒன்றைக் கழித்தண்ணீரோடு அலுமினியச் சட்டியில் போட்டு வாசலில் வைத்தாள். மறுநாள் காலையில் சட்டியில் இரண்டு இருந்தன. முதல் சிமிழின் மூடி ஒன்றுக்கு மூடியாக இருந்தது. முதல் சிமிழின் கிண்ணமோ இன்னொன்றுக்கு மூடியாகிவிட்டிருந்தது. இரண்டும் தத்தமக்கு வேண்டிய கிண்ணத்தை உள்ளுக்குள் புதிதாகச் செய்துகொண்டிருந்தன. அதனால் ஒன்று பழைய அளவிலும் மற்றது நகக்கண் அளவு சிறியதாகவும் இருந்தது.

பக்கத்து வீட்டுக் கிளியம்மா குனிந்து பார்த்தாள். அவளும் இறால் தடவுகிறவள். "பாகம் பிரிச்ச வூடு மாதிரி கீது. ரெண்டுமே நான்தான் பெரியவன்னு உக்காந்துக்கினு" என்றாள்.

பத்து நாளில் ஊரில் சிமிழ் இல்லாத வீடு இல்லை. நிழலில் வைத்தால் அவை மங்கின. வெயிலில் வைத்தால் ஓரங்களிலிருந்து சின்னக் குமிழிகளை விட்டுக்கொண்டே இருந்தன, அந்தக் குமிழி உடைந்த இடத்தில் மழை விட்ட காலைபோலக் காற்று லேசாக இருந்தது. பள்ளிக்கூடத்தில் ஜன்னலோரம் ஆறு சட்டிகள் வைத்த பிறகு மூன்றாம் வகுப்பில் யாரும் தூங்கவில்லை, வாத்தியார் வேறு வழியில்லாமல் பாடத்தைத் தை மாதத்திலேயே முடித்துவிட்டு என்ன செய்வதென்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார். டீக்கடையில் வைத்தபோது மூச்சு தாராளமாகக் கிடைத்ததால் சண்டைகள் வழக்கத்தைவிட நீண்டன, கடைக்காரர் அவற்றை எடுத்துப் பின்கட்டில் வைத்தார். கூழ் காய்ந்த வெறும் சிமிழ்களில் மஞ்சள், உப்பு, குண்டூசி, ரேஷன் கார்டு எல்லாம் வைத்தார்கள். அம்மன் கோயில் விளக்கின் மேல் ஒரு பெரிய மூடியைக் கவிழ்த்தபோது ஊசித்துளைகள் வழியாக வெளிச்சம் இறங்கித் தரையெல்லாம் கோலமாக விழுந்தது. அந்தக் கோலத்தைப் பார்த்துவிட்டுப் பெண்கள் தங்கள் வாசலிலும் விளக்கு வைத்து ஒரு வாரம் கோலம் போடாமல் இருந்தார்கள், பிறகு கை பரபரத்துத் திரும்பவும் போட ஆரம்பித்தார்கள்.

மாதத்தில் இரண்டாம் செவ்வாய்க்கிழமை பட்டணத்துக் கல்லூரியிலிருந்து மெஹருன்னிசா டீச்சர் வந்தார். பதினோரு வருஷமாகக் கழித்தண்ணீரைப் பாட்டில்களில் பிடித்துக்கொண்டு போகிறவர் என்பதால் ஊருக்கு அவர் தண்ணி டீச்சர். தேசம்மா நீட்டிய சிமிழை வாங்கி, திருப்பி, வெயிலில் காட்டி, விளிம்பிலிருந்து விளிம்புவரை துளைகளை ஒன்றுவிடாமல் எண்ணினார். பிறகு பையிலிருந்து எடுத்த மைக்ராஸ்கோப்பைத் திரும்பப் பையிலேயே வைத்துவிட்டுப் படகு விளிம்பில் உட்கார்ந்து ஒரு டீ கேட்டார்.

"இது உங்களுக்குத் தெரிஞ்சதா டீச்சர்?"

"நல்லாத் தெரியும். ஒரு கடுகு மேல நூறு நிக்கும், அந்த அளவுல. பதினோரு வருஷமா நான்தான் இதுகிட்ட குனிஞ்சு பார்த்துக்கிட்டிருந்தேன்."

"இது மீனா, செடியா?"

"வெயில் சாப்பிடுது, அதனால செடி மாதிரின்னு வெச்சுக்கோ. மீன், இறால், நீ, நான் எல்லாத்துக்கும் அடுப்பு மூட்டறது இதுதான். கண்ணாடி செய்ய மணல்சத்து வேணும். அதை ஆறு கொண்டாந்து கொட்டியிருக்கு, கடலும் வந்து கலைக்கல. அதுதான் இவ்வளவு சந்தோஷம்."

"முகத்துவாரம் தொறந்தா?"

டீச்சர் டீயை ஊதினார். "உப்பு ஏறும். தண்ணி மாறினா கூட்டம் மாறும். கல்யாண வீட்டுல ஒரு பந்தி எழுந்து அடுத்த பந்தி உட்கார்ற மாதிரி. இது இருக்கும். ஆனா இப்படி இருக்காது."

செவிட்டு மேட்டில் கண்ணாடி விளைகிறது என்று தெரிந்ததும் வலைக்காரர்கள் சும்மா இருக்கவில்லை. மூன்று படகுகள் போய் வலையை இழுத்தன. வலையின் ஈயக் குண்டுகள் பட்ட இடமெல்லாம் சிமிழ்கள் நொறுங்கி, நொறுங்கிய சில்லு வலையை அறுத்து, அறுந்த வலையைத் தூக்க இறங்கியவர்களின் பாதங்களைக் கீறி, மூன்று படகுகளும் நொண்டிக்கொண்டு திரும்பின. பஞ்சாயத்து கூடியது. பாதத்தில் மஞ்சள் பற்றுப் போட்டுக்கொண்டு சம்பந்தமும் உட்கார்ந்திருந்தான். மேட்டைச் சீட்டில் சேர்க்க வேண்டும், யாருக்கு விழுகிறதோ அவன் பார்த்துக்கொள்வான் என்றார்கள். பெண்கள் வழக்கம்போல் ஓரத்தில் நின்றார்கள்.

"நாட்டாரே, ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் தேசம்மா.

"கேளும்மா."

"வலையால எடுத்தா ஒடையுது. கையால எடுத்தா வருது. இந்த ஊர்ல கையால எடுக்கறது யாரு தொழில்?"

சம்பந்தம் தன் பாதத்தைப் பார்த்தான். வஜ்ஜிரவேலு நாட்டார் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தார், மத்தியானமும் தாண்டிவிட்டது, வீட்டில் கருவாட்டுக் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. வலையை அறுக்கும் மேட்டைக் கொடுப்பதில் யாருக்கும் பெரிய நஷ்டமில்லை. அவர் நோட்டைத் திறந்து, நாற்பது வருஷமாக எப்படி எழுதுவாரோ அப்படியே எழுதினார்: செவிட்டு மேடு, இறால் தடவும் பெண்கள் நாற்பத்துமூன்று பேர், முறை வைத்து, நாளுக்கு ஒருவர், அன்றைய முறைக்காரி சம்மதமில்லாமல் விடிந்ததிலிருந்து பொழுது சாயும்வரை வேறு யாரும் அங்கே இறங்கக் கூடாது.

பெயர் எழுதும்போதுதான் சிரிப்பு வந்தது. "சம்பந்தம் வூடு" என்று எழுதப் போனவரைத் தேசம்மா நிறுத்தி, "என் பேரை எழுதுங்க" என்றாள். அதற்குப் பிறகு எல்லாப் பெண்களும் சொந்தப் பெயரைச் சொன்னார்கள். கிளியம்மாவின் பெயர் ரேஷன் கார்டில் ராஜகுமாரி என்று இருந்தது அவள் புருஷனுக்கே அன்றுதான் தெரிந்தது. "இன்னாம்மே, இத்தினி நாள் சொல்லவே இல்ல?" என்றான் அவன். "நீ கேட்டியா?" என்றாள் ராஜகுமாரி.

தேசம்மாவுக்கு ஏழாவது சீட்டு விழுந்தது. ஏழாம் நாள் விடியலில் மேட்டுக்குப் போனவள் ஒரு சிமிழைக்கூட எடுக்கவில்லை. பொன்னிறச் சேற்றில் காலை நீட்டி உட்கார்ந்து, இடுப்பைச் சுற்றித் தண்ணீர் காற்றில் அலைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். தூரத்தில் படகுகள் மேட்டைச் சுற்றிக்கொண்டு போயின. மத்தியானம் ராஜகுமாரி சோறு கொண்டுவந்து, எல்லையில் நின்று, "வரலாமா?" என்று கேட்டுவிட்டு வந்தாள். வெறும் பறியோடு வீடு திரும்பிய தேசம்மாவைப் பார்த்து, "இன்னா புடிச்ச?" என்று கேட்டான் சம்பந்தம். "உக்காந்தேன்யா" என்றாள் அவள்.

பங்குனியில் ஆறு நின்றது. கடல் வரவில்லை. மேலே வெயிலும் கீழே சேறும் இருக்க, நடுவில் தண்ணீர் மட்டும் நாளுக்கு நாள் இளைத்து, டீ நிறம் போய், பாசிப்பருப்பு ஊறவைத்த நீர்போலப் பச்சையாகி, அதன் மேல் மாலையில் ஒரு புளித்த வாசனை எழுந்தது. மீன்கள் வாயை மேலே நீட்டி நின்றன. கடலிலிருந்து இறால் குஞ்சுகள் உள்ளே வர வழியில்லாததால் வலைகளும் பறிகளும் வெறுமையாக வந்தன. சட்டிகளில் சிமிழ்களும் பிரிந்து பிரிந்து சிறுத்து, சோப்பு டப்பா அளவிலிருந்து மாத்திரை டப்பா அளவுக்கு வந்திருந்தன. முகத்துவாரத்தை வெட்டித்தான் ஆக வேண்டும் என்று ஊர் முடிவு செய்தது. வீட்டுக்கு ஒரு ஆள், ஒரு மண்வெட்டி. பௌர்ணமிக்கு மறுநாள் கடல் ஏற்றம் உச்சிக்கு வரும் முன்பே வெட்டி முடிக்க வேண்டும்.

அன்றைக்கு முந்தைய சாயங்காலம் பெண்கள் தேசம்மா வீட்டு முன்னால் கூடினார்கள். கடல் வந்தால் சிமிழ் போகும், சிமிழ் போனால் மேடு எதற்கு, மேடு இல்லையென்றால் நோட்டில் பெயர் எதற்கு. இதை யாரும் முழுதாகச் சொல்லவில்லை. ராஜகுமாரி மட்டும், "நாம போய் நம்ம குழிய நாமளே வெட்டணுமா?" என்றாள்.

தேசம்மா எழுந்து மண்வெட்டியின் பிடியைத் தட்டிப் பார்த்தாள். "தண்ணி செத்துப்போச்சுன்னா அதுல உக்காந்து இன்னா பண்றது? ரெண்டு தபா உக்காந்துட்டேன். போதும்" என்றாள். ஆனால் போதாது என்று அவள் முகத்தில் இருந்தது.

காலையில் சம்பந்தம் தான் போவதாகச் சொல்லியும் கேட்காமல் அவளும் வந்தாள். "சிமிழ் போனா சீட்டும் போச்சு தேசம்மா. மண்வெட்டிய வெச்சிட்டு வூட்டுக்குப் போ" என்று ஒருவன் கேலி பண்ணினான்.

"உன் வூட்டு அடுப்புல பூனை தூங்குது. அத மொதல்ல எழுப்பலாம் வா" என்றாள் தேசம்மா.

வெட்டினார்கள். மணலை வெட்டி, கூடையில் அள்ளி, கைமாற்றி, கரையில் கொட்டி, கொட்டியது சரிய மறுபடி வெட்டி, கடலுக்கும் கழிக்கும் நடுவே ஒரு ஆள் அகலத்தில் வாய்க்கால் நீண்டது. கடைசியில் ஒரு முழ மணல் நின்றபோது எல்லோரும் மூச்சு வாங்க நின்றார்கள், யார் வெட்டுவது என்று ஒருவரையொருவர் பார்த்தார்கள். தேசம்மா யாரையும் பார்க்காமல் வெட்டினாள். கடல் முதலில் ஒரு விரலை நீட்டியது, பிறகு கையை, பிறகு முழு உடம்போடு புரண்டு உள்ளே வந்தது. அன்று மத்தியானத்துக்குள் வாய்க்கால் எட்டு ஆள் அகலம் ஆகியிருந்தது.

சிமிழ்கள் பயறளவு ஆயின, பிறகு மிளகளவு, பிறகு கடுகளவு, பிறகு சட்டிகளில் வெறும் தண்ணீர் இருந்தது. பெண்கள் சட்டிகளைக் கழுவிக் கவிழ்த்தார்கள். அடுத்த இரண்டாம் செவ்வாய்க்கிழமை வந்த மெஹருன்னிசா டீச்சர் செவிட்டு மேட்டிலிருந்து ஒரு சொட்டை எடுத்து மைக்ராஸ்கோப்பின் கீழே வைத்துத் தேசம்மாவைக் கூப்பிட்டார். தேசம்மா ஒரு கண்ணை மூடிப் பார்த்தாள். அதே வட்டம், அதே துளைகள், அதே தேன் நிறம். இடமில்லாமல் நெருக்கி உட்கார்ந்திருந்தன. நடுவே புதிதாகச் சங்கிலி போன்றவையும் படகு போன்றவையும் இருந்தன.

"எங்கியும் போவல டீச்சர்!"

"எங்க போகும்? கழியிலேயே இந்த மேட்டுலதான் அதிகம். ஆழமில்ல, வெயில் தரைவரைக்கும் இறங்குது. நல்ல சாப்பாடு."

சாப்பாடு எங்கே என்று டீச்சருக்குத் தெரிந்ததைப்போல இறாலுக்கும் தெரிந்திருந்தது. புதுத் தண்ணீரோடு கடலிலிருந்து ஏறிய குஞ்சுகள் கழியின் நல்ல துறைகளையெல்லாம் தாண்டி, பேர்பெற்ற பாடுகளையெல்லாம் தாண்டி, நேராகச் செவிட்டு மேட்டுக்குப் போய் உட்கார்ந்து தின்று கொழுத்தன. சித்திரை பிறந்தபோது அங்கே சேற்றில் கை வைத்தால் விரலுக்கு இரண்டு அகப்பட்டன. மற்ற இடங்களில் வலைகள் அரைகுறையாக வந்தன. ராஜகுமாரியின் முறை நாளில் நான்கு படகுகள் மேட்டுக்கு வந்தன, அவள் பறியைக் கழற்றிவிட்டுக் குறுக்கே கையை விரித்து நின்றாள். நாட்டாரைக் கூப்பிட்டார்கள். அவர் நோட்டோடு கரைக்கு வந்தார்.

"அது சிமிழுக்காகக் குடுத்தது மாமா. சிமிழே இல்ல, முறை மட்டும் எப்படி?" என்றான் ஒருவன்.

நாட்டார் பக்கத்தைப் பிரித்துப் படித்தார். இன்னொரு தடவை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தையும் பார்த்தார். "சிமிழுன்னு ஒரு வார்த்தை எங்க கீது? காட்டு" என்றார்.

"எழுதினது நீங்கதானே?"

"நான்தான். அன்னிக்குப் பசி." மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வேட்டியில் துடைத்தார். "பசி இல்லாட்டியும் இப்படித்தான் எழுதியிருப்பேன். இந்த நோட்டுல எடத்தத்தான் எழுதறது, பொருள எழுதி வழக்கமில்ல. மாத்தணும்னா முறைக்காரங்க அத்தினி பேரும் ஒப்பணும். நாப்பத்திமூணு கையெழுத்து வாங்கினு வாங்க."

ஆண்கள் அன்று மாலையே அவரவர் வீட்டில் ஆரம்பித்தார்கள். நாற்பத்திரண்டு வீடுகளில் அன்று ஒரே பேச்சு, ஒரே பதில். சம்பந்தம் மட்டும் நோட்டுப் பேச்சை எடுக்காமல், தட்டில் வந்த இறால் தொக்கைப் பார்த்துவிட்டு, "எங்கது?" என்றான். "ராஜகுமாரி குடுத்தா. மேட்டுது" என்றாள் தேசம்மா. அவன் இரண்டாம் தடவையும் சோறு வாங்கிக்கொண்டான்.

மூன்றாம் முறையாகத் தேசம்மாவின் நாள் வந்தபோது வெயில் ஏறி, தண்ணீர் முழங்காலில் வெதுவெதுப்பாக நின்றது. அவள் பாதிப் பறியை நிறைத்துவிட்டு, பறியை மடியில் வைத்து இளைப்பாறிக்கொண்டிருந்தாள். தனிப் படகில் வஜ்ஜிரவேலு நாட்டாரே வந்தார். மேட்டின் விளிம்பில் கோலை ஊன்றிப் படகை நிறுத்தினார். வயிற்றுப் பிள்ளையோடு தாய்வீட்டுக்கு வந்திருந்த அவர் மகள் நான்கு நாளாக இறால் இறால் என்கிறாளாம். கையில் வலை இல்லை, ஒரு சின்னப் பறி மட்டும் இருந்தது.

"எறங்கலாமாம்மா?" என்று கேட்டார்.

பத்தொன்பது வருஷமாக இந்த மாதிரி ஒரு நாளைக்கு என்று அவள் மனதில் எத்தனையோ பதில்கள் தயாராக இருந்தன, நீளமானவையும் சூடானவையும். தண்ணீரைப் பார்த்தாள். அவள் கால்விரல்களைச் சுற்றி, கண்ணாடி மாதிரி உடம்பும் மிளகு மாதிரி கண்ணுமாக இறால்கள், பொன்னிறச் சேற்றில் தலையைத் தாழ்த்தி, கை ஓயாமல் வாயில் போட்டுக்கொண்டிருந்தன.

"எறங்குங்க மாமா" என்றாள் தேசம்மா. "மெதுவா வாங்க, சேத்தக் கலக்காதீங்க. பந்தி நடக்குது."